வாசிக்காமல் விட்ட வரி

சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாக மூன்று மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கணவன் கிளாட்வின் போயிருந்தான். இப்போது மணி இரண்டேகால். அப்படியென்றால் ஐந்து, ஐந்தேகால், அதற்குள் அவனே வந்துவிடுவான், வராவிட்டாலும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவதற்கு என்ன பெரிய படிப்பா வேண்டும் என்று ஜெஸிந்தா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள். இடப்பக்கம், உத்தரத்துக் கொக்கியில் தொங்கிய சேலைத் தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை ஆக்னஸ் தூங்கியது. வலப்பக்கம், பலகையின் மேல், நீல உறையால் இறுக்கிச் சுற்றிய பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறடி. காலடியால் அளந்திருந்தாள், மறுபடி அளந்தபோது ஐந்தரைதான் வந்தது, அதன் பிறகு அளக்கவில்லை. தொட்டிலை உள்ளே மாற்றலாமென்றால் அங்கே விசிறி இல்லை, கொக்கியும் இல்லை. பேட்டரியை மாற்றலாமென்றால் பெரிய பிளக் செருகுகிற பாயிண்ட் வீட்டிலேயே இது ஒன்றுதான். இப்படி ஒன்றையும் மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு ஒரு நிம்மதி வர வேண்டும், அது வரவில்லை. காலையில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் சுடும், பயப்படாதீங்க, அப்பப்போ கையை வச்சுப் பாருங்க என்று நர்ஸம்மா சொன்னார். பேட்டரியை வைத்துவிட்டுக் கிளம்பும்போது கிளாட்வினும் அதையேதான் சொன்னான், சூடாகத்தான் செய்யும், பயப்படாத, கால் மணிக்கு ஒருக்க கைய வச்சுப் பாரு, கை தாங்குச்சுன்னா ஒண்ணுமில்ல. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அவளிடம் வந்தது போல இருந்தது. கை தாங்கினால். எந்தக் கை, யாருடைய கை. நாள் முழுக்க ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடிக்கிற அவன் கை தாங்குவதும், குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரை முழங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற இந்தக் கை தாங்குவதும் ஒன்றாகுமா. எழுந்து போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பு. திரும்பி வந்து நீல உறையின் மேல் கையை வைத்தாள். அதுவும் வெதுவெதுப்பு. உள்ளே எண்பத்து நான்கு செல்கள், தேன்கூட்டில் புழுக்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். அவன் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்ததைப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

அந்தப் பேட்டரிக்குரிய வண்டி இன்னாசி அண்ணனுடையது. இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போன மனிதர், பேக்கரியிலிருந்து மக்ரூன் பொட்டலங்களை டீக்கடைகளுக்குப் போடுகிற லைன் அவருடையது. அந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்து, பிரேக்கைக் கைக்கு மாற்றி, பின்னால் தகரப்பெட்டி பொருத்திக் கொடுத்தது கிளாட்வின்தான். ஊரில் கால் ஊன்ற முடியாதவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். வண்டியைச் செய்த கம்பெனி இரண்டே வருஷத்தில் மூடிவிட்டது. மூடிய கம்பெனி வண்டிக்குப் பாகம் தேடுவது செத்துப்போனவன் சட்டைக்குப் பட்டன் தேடுகிற மாதிரி என்பான் கிளாட்வின், தேடவும் செய்வான், கிடைக்கவும் செய்யும். மிதிவண்டி பிரேக் கட்டையை அறுத்துப் பொருத்துவான். பொம்மைக் காரிலிருந்து எடுத்த சுவிட்ச் ஹாரனுக்கு ஆகும். கடற்காற்றில் கனெக்டர்களில் பச்சைப் பச்சையாய்ப் பூத்துக் கிடக்கும் உப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வாஸ்லைன் தடவி, இந்த ஊர்ல கரண்டுக்கே துரு பிடிக்கும் ஜெசி என்று சிரிப்பான். அவன் கையில் கிடைக்காததை அவள் போனில் தேடுவாள். டெல்லிக்காரன், கோயம்புத்தூர்க்காரன், எல்லோருக்கும் கான்வென்டில் படித்த முறைப்படி மரியாதையாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாள், தங்களின் மேலான கவனத்துக்கு என்று தொடங்கித் தங்கள் உண்மையுள்ள என்று முடிப்பாள், அவர்கள் ஓகே டியர் என்று இரண்டே வார்த்தையில் பதில் போடுவார்கள். கிளாட்வின் அதை எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவான், எம் பொண்டாட்டி இங்கிலீஷ்ல எழுதுனா டெல்லியே எந்திரிச்சு நிக்கும். அந்தப் பெருமை அவளுக்கு வேண்டியிருந்தது. வேலைக்குப் போகாமல், பிள்ளையும் கையுமாக இருக்கிறவளுக்கு அந்தக் கடையில் இருந்த ஒரே நாற்காலி அது. பேட்டரிக்குள் வைக்கிற பாதுகாப்பு போர்டுக்கும் அவள்தான் எழுதியிருந்தாள். எந்தச் செல்லாவது எல்லை மீறிச் சூடானால், எல்லை மீறி நிறைந்தால், கரண்டை வெட்டிவிடுகிற உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு. டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டது என்றார்கள், பதினோரு நாளாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. பதினோரு நாளாக இன்னாசி அண்ணனின் லைனை வேறொருவன் ஓட்டுகிறான், நாளைக் காலையும் வராவிட்டால் லைன் அவனுக்கே என்று பேக்கரியில் சொல்லிவிட்டார்கள். இன்று பார்த்துக் கடைத் தெருவில் மாதாந்திர மின்தடை. அதனால் பேட்டரி வீட்டுக்கு வந்தது, போர்டு இல்லாமல், சார்ஜர் ஒயரை நேராகச் செல்களில் கொடுத்து.

அந்த போர்டு எங்கே என்று அவள் கேட்டாள்தான். அதத் தேடித்தான் போறேன், பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி வந்து கிடக்காம், அதுல இருக்கும், சாயங்காலம் மாட்டிக்கிடலாம், ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லும்போது அவன் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது, வந்ததும் வாய் மூடிக்கொண்டது. செல்கள் வந்த பெட்டியில் இரண்டு பக்கக் காகிதம் ஒன்று இருந்தது, எறும்பு எழுத்தில் ஆங்கிலம். போன வாரம் ஒரு நாள் அவன் செல்களை அடுக்க, அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஈரத்தில் வைக்காதே. அது சொன்னாள், நினைவிருக்கிறது, இந்த ஊரில் ஈரமில்லாத இடம் எங்கே என்று அவன் கேட்டதும் நினைவிருக்கிறது. குழந்தைகளுக்கு எட்டாமல் வை. அதையும் சொன்னாள், தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. பழைய செல்லையும் புதிய செல்லையும் சேர்த்துக் கட்டினால் பாதுகாப்பு போர்டு இல்லாமல் ஒருபோதும் சார்ஜ் போடாதே, மேல்பரப்பு நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்து. அந்த வரி கண்ணுக்கு நினைவிருந்தது, தாளில் எந்த இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது என்பது உட்பட. வாய்க்கு நினைவில்லை. அதைச் சொன்னேனா. அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குக் கண் போகும்போது படி தவறுகிற மாதிரி ஓர் உணர்வு வந்தது, அது இப்போது கற்பனை செய்துகொள்வதா, அப்போதே வந்ததா. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெர்பெத்துவா வாசிக்கும்போது வரிக்குக் கீழே ஸ்கேல் வைக்கச் சொல்வார், வைக்காமல் வாசிக்கிறவள் முதலில் ஒரு வரியை விடுவாள், பிறகு ஒரு பக்கத்தை விடுவாள் என்பார், வகுப்பே சிரிக்கும், ஜெஸிந்தா மட்டும் சிரிக்க மாட்டாள், அவள் ஸ்கேல் வைத்து வாசித்தவள், பரிசு வாங்கியவள். அன்று ஸ்கேல் இல்லை. ஒரு கையில் தாள், ஒரு கையில் பிள்ளை. ஈரத்தில் வைக்காதே. குழந்தைகளுக்கு எட்டாமல் வை. நடுவில். இப்போது அவனுக்குச் சொன்னால், இதை அன்னைக்கே ஏன் சொல்லல என்று கேட்பான். கேட்கக்கூட மாட்டான், வெறுமனே பார்ப்பான். தாளைப் பார்க்கலாமென்றால், போர்டு தேடுவதற்கு எண் தேவைப்படும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். ஆகவே அந்த வரி இப்போது ஊரில் எங்கோ, வெயிலில், அவன் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் குழந்தையின் நெற்றி கூடுதலாகச் சுட்டது. அல்லது அவள் கை சில்லென்று இருந்தது, ஈரத்துணி பிழிந்த கை. பேட்டரியைத் தொட்டாள், அதுவும் கூடுதலாகச் சுட்டது, ஆனால் குழந்தையைத் தொட்ட கையால் தொட்டதால் அதன் சூடு குறைவாகத் தெரிகிறதோ, முதலில் பேட்டரியைத் தொட்டுவிட்டுப் பிறகு குழந்தையைத் தொட்டால் என்ன தெரியும். அப்படியும் செய்து பார்த்தாள். குழந்தை குளிர்ந்திருந்தது. உடனே மூக்கடியில் விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். மூச்சு வந்தது, சின்னதாக, பால் வாசனையோடு. கையை நம்பக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தது. அக்குளில் வைத்ததும் பீப் என்றது, நூறு புள்ளி நான்கு. சொட்டு மருந்து கொடுத்தாள், துணியை மாற்றினாள், தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனவள் வைக்காமல் நின்றாள். வீட்டில் அது ஒன்றுதான். சிரிப்பு வந்தது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். முழந்தாளிட்டு, உறையின் ஓரத்தில் இரண்டு செல்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் அதன் முனையை அழுத்திப் பிடித்தாள், நல்லா இருக்கியா என்று கேட்கிற மாதிரி. நூற்று ஒன்று. காய்ச்சல்தான். இரண்டு பேருக்கும் காய்ச்சல், ஒருத்திக்கு மருந்து உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. நூற்று ஒன்று என்றால் நாற்பத்தைந்து டிகிரிக்கு எவ்வளவு தூரம். முப்பத்திரண்டைக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும், கணக்கு வகுப்பில் இது எதற்கு என்று யாரோ கேட்டதற்கு ஒரு நாள் உதவும் என்றார்களே, அந்த நாள் இந்த நாள்தானா. முப்பத்தெட்டு சொச்சம் வந்தது. தூரம் இருந்தது. சார்ஜருக்குள் இருந்த குட்டி விசிறி வண்டு மாதிரி ரீங்கரித்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோய், அது குழந்தையின் மூச்சிலிருந்து வருவது போலவும், வெயிலிலிருந்து வருவது போலவும், கடலுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு பெரிய மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. கண்ணை மூடினாள். நீலம். நீல உறைக்குள் குழந்தை படுத்திருக்கிறது, தொட்டிலில் செல்கள் தூங்குகின்றன, அவள் வரிக்குக் கீழே ஸ்கேல் வைக்கிறாள், ஸ்கேல் வரியோடு சேர்ந்து கீழே கீழே இறங்குகிறது, வாசி என்கிறார்கள், வாசிக்கிறாள், சத்தம் வரவில்லை. திடுக்கென்று விழித்தாள். மணி மூன்று ஐம்பது. கால் மணிக்கு ஒருக்க என்றான். முப்பத்தைந்து நிமிஷம் போயிருந்தது, யார் பார்த்துக்கொண்டது இந்த முப்பத்தைந்து நிமிஷத்தை.

முதலில் எங்கே போவது. அந்த ஆறடியின் நடுவில் நின்று அவளுக்கு அது தெரியவில்லை. கால்கள் தொட்டிலுக்குப் போயின. நெற்றி வியர்த்து ஈரமாக இருந்தது, சூடு இறங்கியிருந்தது, மருந்து கேட்டிருக்கிறது. கடவுளே என்று சொல்லிக்கொண்டு தெர்மாமீட்டரோடு அந்தப்பக்கம் வந்தாள். பள்ளத்தில் வைத்தாள். எண்கள் ஏறின, நூற்று ஐந்து, நூற்று ஆறு, நூற்று எட்டு, ஏறுகிற வேகத்தில் அவை எண்களாகவே தெரியவில்லை, பிறகு எண்கள் எல்லாம் போய் ஒரே ஓர் எழுத்து நின்றது. ஆங்கில எச். மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கருவி, அதற்கு மேல் எண்ணத் தெரியாது. நாற்பத்து மூன்றாக இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் அதே எச்தான். கையை வைத்தாள். தாங்கியது. தாங்கியதா, பயத்தில் மரத்துப்போனதா. போனை எடுத்து அவனுக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. இரும்புக் கடையில் சம்மட்டிச் சத்தத்தில் கேட்காது. மறுபடி அடித்தாள். இப்போது பிடுங்கினால் பாதி சார்ஜ். சும்மாதான் சுட்டது, கை தாங்குச்சுன்னா ஒண்ணுமில்லன்னு சொன்னேனே என்பான், இன்னாசி அண்ணன் நாளைக்கு நடுரோட்டில் நிற்பார், அல்லது வண்டியே கிடைக்காமல் லைனை விடுவார், கன்னம் ஒட்டிப்போன அந்த மனிதர், குழந்தைக்கு என்று மக்ரூன் பொட்டலம் கொண்டுவந்து, பல்லு முளைச்ச பிறகு கொடும்மா என்று சொல்லிவிட்டுப் போனவர். எதற்காகப் பிடுங்கினாய் என்று கேட்டால் அந்த வரியைச் சொல்ல வேண்டும். அந்த வரியைச் சொன்னால் அந்த நாளைச் சொல்ல வேண்டும். பிடுங்காவிட்டால். பிடுங்காவிட்டால் என்பதற்கு அப்புறம் மனசு போகவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிற ஆள் மாதிரி அங்கேயே நின்றது. போனில் என்றோ பார்த்த ஒரு வீடியோ மட்டும் ஓடியது, யாரோ ஒருவர் வீட்டுக் கூடம், முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் சத்தம், அதில் ஆட்கள் யாரும் தெரியவில்லை, ஒரு தொட்டில் கொக்கி மட்டும் தெரிந்தது. இல்லை, அதில் கொக்கி இல்லை. கொக்கி இந்த வீட்டில் இருப்பது. கை சுவிட்சில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு அணைந்தது, குட்டி விசிறி நின்றது. அந்த நிசப்தத்தில் உறைக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, சமையல்கட்டில் காய்ந்த தோசைக்கல் ஆறும்போது கேட்குமே, அந்த மாதிரி.

சுவிட்சை அணைத்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்தவள், அந்த டிக்கைக் கேட்டபின் முடியவில்லை என்று புரிந்துகொண்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பலகையோடு தூக்கினாள். பதினைந்து கிலோவாவது இருக்கும். வயிற்றுத் தையல் இருந்த இடம் கோடு போட்டது போல இழுத்தது. முகத்துக்கு நேராக அந்தச் சூடு வந்தது, அடுப்புச் சூடு மாதிரி இல்லை, ஓர் உயிருள்ளதின் சூடு மாதிரி, அதுதான் சகிக்க முடியாமல் இருந்தது. நிலைப்படி தாண்டி, சந்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் அதை இறக்கிவைத்துவிட்டுப் பின்வாங்கி, பின்வாங்கி, ஓடி உள்ளே வந்து தொட்டிலில் இருந்த குழந்தையை வாரி எடுத்தாள். எதிர்வீட்டுப் பிரகாசி அக்கா துணி எடுக்க வந்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னது அது, யார் வீட்டுப் பெட்டி என்று கேட்டார். பக்கத்தில் போகாதீங்கக்கா, பேட்டரி, சூடாயிட்டு என்றாள். அதற்கு அவர் சொன்னதுதான் ஆச்சரியம்.

"கூறுகெட்டவளே, அந்தக் கனத்தை எதுக்குட்டி சுமந்த? பிள்ளையைத் தூக்கிட்டு நீ வெளிய வந்திருக்கலாம்லா?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, ஊசி போட்ட பிள்ளைய வெயில் தாழுற வரைக்கும் வாசப்படி தாண்ட விடாதன்னு."

பிரகாசி அக்கா துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆமா சொன்னேன்தான் என்றார், அதுக்காக இப்படியா. ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாளே தவிர, பிள்ளையோடு வெளியே வருவது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மணி நேரம் ஆறடியை அளந்துகொண்டு, கழித்துப் பெருக்கி வகுத்துக்கொண்டு, ஒன்றையும் மாற்ற முடியாது என்று உட்கார்ந்திருந்தாள், கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. பயம் ஒரு ஆளை இப்படியும் உட்கார வைக்கும் போல. அவள் நிலையில் சாய்ந்து நின்று மணலைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காற்று உப்பும் மீன் காய்கிற வாடையுமாக வந்தது. ஒரு பூனை வந்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒன்றும் நடக்காததால் வெட்கம் வர ஆரம்பித்தது, சும்மா கிடந்ததைத் தூக்கி மண்ணில் போட்டுவிட்டேனோ, அவன் வந்து என்ன சொல்வான், எங்கிருந்து தொடங்குவது, முதலில் எச் என்று சொல்வதா, அந்த நாள் என்று சொல்வதா. வாக்கியத்தைத் தயார்செய்தாள். கான்வென்டில் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் வரிசையில் நின்று பாவங்களைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி, நான் ஒரு வரியை வாசிக்கல, நான் ஒரு வரியை வாசிக்கல, சொல்லச் சொல்ல அது இலேசாகிக்கொண்டே வந்தது.

சந்து முனையில் கிளாட்வின் ஓடிவருவது தெரிந்தது. சைக்கிளை எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்தான். மணலில் இருந்ததைப் பார்த்ததும் நின்றான். குனிந்தான், கையை வைக்கவில்லை. சுற்றிவந்து பார்த்தான். அவன் பார்த்த பக்கத்தில், அவள் தூக்கும்போது கவனிக்காத பக்கத்தில், உறை ஒரு மூலையில் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கியிருந்தது. அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். எத்தனை மணிக்குப் பிடுங்கினாய் என்று கேட்டான், நாலுக்கு என்றாள். உன் போனைப் பார்த்துட்டுத்தான் ஓடிவந்தேன் என்றான். போர்டு கிடைக்கவில்லை என்றும் சொன்னான், அதை ஒரு விஷயமாகச் சொல்லவில்லை. அவள் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அந்தத் தாள்ல ஒரு வரி இருக்குங்க. போர்டு இல்லாம சார்ஜ் போடக் கூடாதுன்னு. அன்னைக்கு நான் அதை உங்களுக்கு வாசிக்காம விட்டுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாசிச்ச ஜெசி. பிள்ளை சிணுங்குச்சு, இன்னொருக்க வாசிச்ச. நான்தான் காதுல விழாத மாதிரி செல்லை அடுக்கிட்டு இருந்தேன்."

தெருவும் வெயிலும் துணிக்கொடியும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் அவள் எதன் மேல் சாய்ந்து நின்றாளோ அதை யாரோ மெதுவாக நகர்த்திவிட்டது போல இருந்தது. நான் தப்பு செய்யவில்லை. இரண்டு மணி நேரம் சுமந்தது என்னுடையது இல்லை. அது நிம்மதியாக இருக்க வேண்டியது, இல்லை. ஒரு வரியை விட்டவளாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடிந்திருக்கும். அவனுக்குத் தெரியும், தெரிந்தே வைத்துவிட்டுப் போனான், தொட்டிலுக்கு ஆறடியில், கைய வச்சுப் பாரு என்று சொல்லிவிட்டு. கோபம் வந்தால் கத்தத் தெரியாதவள் அவள், அதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள். இன்னாசி அண்ணன் காத்துக்கொண்டிருப்பார், அவருக்கு நீங்கதான் சொல்லணும் என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. சொல்லுதேன், அப்புறமா சொல்லுதேன் என்றான். இப்போ என்றாள்.

அவன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தான். "அண்ணே, கிளாட்வின் பேசுதேன். வண்டி நாளைக்கு ஆகாதுண்ணே. இங்க நம்ம தெருவுல இன்னைக்குக் கரண்டு இல்ல, அதனால" என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவள் ஒன்றும் செய்யவில்லை, நின்ற இடத்தில் நின்றாள். அவன் மணலில் வீங்கிக் கிடந்ததைப் பார்த்தான்.

"இல்லண்ணே. கரண்டு இருந்துச்சு. போர்டு இல்லாம நேரா சார்ஜ் போட்டேன், வீட்டுக்குள்ள வச்சு. தப்பு எம் பேர்லதான். நாளைக்குப் பேக்கரிக்கு நானே கூட வந்து சொல்லுதேன், வண்டி வர வரைக்கும் உங்கள உக்கார வச்சு லைனுக்கு நானே சைக்கிள் மிதிக்கேன்."

போனிலிருந்து இன்னாசி அண்ணனின் கட்டைக்குரல் சின்னதாகக் கேட்டது, என்ன சொன்னார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. கிளாட்வின் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியேன்னு கேக்காரு" என்றான்.

வந்ததிலிருந்து அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. நீங்களே வந்து கைய வச்சுப் பாருங்க என்றாள். சந்தின் குறுக்கே அவன் நடந்து வரும்வரை, போனுக்குள் இன்னாசி அண்ணன் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.